அடுத்த வீட்டுப் பிள்ளையின் முதுமாணி

இன்று உங்களுக்கு நான் அறிமுகம் செய்யப்போகும் ஆளைத் தேடி நீங்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை பொறியியல் பட்டம் எடுத்துவிட்டு, "அடுத்ததா முதுமாணி படிக்கலாமெண்டு யோசிக்கிறன்" என்று ஒரு தரம் வாய் திறந்தால் போதும். அவரே படலையைத் திறந்துகொண்டு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு, "எந்தத் துறையில?" என்று கேட்பார். பிள்ளை பதில் சொல்ல எடுக்கும் அரை நிமிடத்துக்குள் அவரே பதிலையும் சொல்லிவிடுவார். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் மேற்படிப்புத் தெரிவாளர். அடுத்தவர் பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்று தெரிவு செய்து கொடுக்கும் பொறுப்பை, ஒருவரும் கேட்காமலே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிபவர் அவர்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். இவர் முதுமாணி படித்திருக்க மாட்டார். படித்தவர்களுக்கு இந்த வேலை சரிவராது. அவர்கள் "என்னுடைய பகுதியைப் பற்றி மட்டும் சொல்லலாம், மற்றது தெரியாது" என்று இழுத்துக்கொண்டு நிற்பார்கள். இவருக்கு எல்லாப் பகுதியும் தெரியும். கனடாவில் பனி எந்த மாதம் கொட்டும், ஜேர்மனியில் விரிவுரைக்குப் போகாமல் சித்தியடையலாமா, அவுஸ்திரேலியாவில் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் நல்ல தேங்காய் வாங்கலாம், கொரியாவில் பேராசிரியர் கோபக்காரரா, சாந்தமானவரா, எல்லாம் தெரியும். இந்த நாடுகள் ஒன்றுக்கும் போனதில்லை. போனால் நடுநிலை கெட்டுவிடும் அல்லவா? அவருடைய பேச்சு எப்போதும் "நான் ஒண்டும் சொல்லல்ல, முடிவு உங்கட" என்றுதான் தொடங்கும். அந்த வசனம் காதில் விழுந்தால் இரண்டு மணித்தியாலம் உங்கள் கையை விட்டுப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இவர் அடிக்கடி பாவிக்கும் ஒரு சொல் ஸ்கோப். எந்தப் படிப்பைச் சொன்னாலும் "அதுக்கு இப்ப ஸ்கோப் இல்ல" என்பார். பத்து வருடத்துக்கு முன்பு மின்பொறியியலுக்கு ஸ்கோப் இல்லை, எல்லாரும் கணினிக்குப் போகச் சொன்னார். பிறகு எல்லாரும் கணினிக்குப் போனதால் அதற்கு ஸ்கோப் இல்லாமல் போயிற்று. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து எல்லா வேலையையும் தானே செய்யப்போகிறதாம், ஆகவே ஒன்றுக்குமே ஸ்கோப் இல்லை. அப்படியானால் பிள்ளை என்ன செய்வது? கொஞ்சம் பொறுக்க வேண்டும். எவ்வளவு காலம்? அதை மட்டும் கேட்கக் கூடாது.

எங்கள் திருகோணமலையில் இந்த இனத்துக்குப் பல கிளைகள் உண்டு. இறக்கக்கண்டியில் பேருந்து ஏறி, பக்கத்து இருக்கையில் அமர்ந்து, நகரத்தில் இறங்குவதற்குள் உங்கள் மகளின் எதிர்காலத்தை முடித்துக் கையில் தருபவர் ஒரு கிளை. வெளிநாட்டில் வேலைக்குப் போகும் வழியில், காருக்குள் இருந்தபடி பதினொரு நிமிடக் குரற்செய்தி அனுப்புபவர் இன்னொரு கிளை. அதில் நான்கு நிமிடம் அவர் முன்னால் போகும் காரைத் திட்டுவார். "அதே படிப்பைப் படிச்ச ஒருத்தன் இப்ப டாக்ஸி ஓடுறான்" என்று ஒரே ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு, அந்த ஒருத்தன் ஆர், எங்கே, ஏன் என்ற விபரம் ஒன்றும் தராமல், சந்தைப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுபவர் மூன்றாவது கிளை. இவர்களில் ஆபத்தானவர் அந்த மூன்றாமவர்தான். அவருடைய டாக்ஸிக்காரன் எத்தனை வீட்டுப் பெற்றோரின் நித்திரையைக் கெடுத்திருக்கிறான் தெரியுமா?

ஆனாலும் இந்த இனத்தின் முழு உருவத்தைப் பார்க்க வேண்டுமானால் உள்துறைமுக வீதியில் இருந்து பிரியும் எங்கள் ஒழுங்கைக்குத்தான் வர வேண்டும். றஊப் சேர் வீடு என்றால் ஆரும் காட்டுவார்கள். எனக்கு அது மதிலுக்கு அடுத்த வீடு. எல்லாரும் சேர் என்று கூப்பிட்டாலும் அவர் ஒரு நாளும் படிப்பித்தவர் அல்ல. வருகிற கப்பலுக்கு எந்த இறங்குதுறை, எத்தனை மணிக்கு, எத்தனை நாளுக்கு என்று ஒதுக்கிக் கொடுக்கும் பகுதியில் முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் இருந்தவர். வேலையில் கெட்டிக்காரர் என்று அவரோடு இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். ஓய்வு பெற்ற அடுத்த கிழமை ஒதுக்குவதற்குக் கப்பல் இல்லாமல் போய்விட்டது. மனிசர் என்ன செய்வார், பாவம்? ஒழுங்கையில் இருந்த பிள்ளைகளை ஒதுக்கத் தொடங்கினார்.

அவருடைய சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பெரிய அட்டவணை தொங்குகிறது. மேசையை விடப் பெரியது. துறைமுகத்தில் அவர் பாவித்த அதே தலைப்புகள், அதே ஒழுங்கு: பெயர், நீளம், ஆழம், சரக்கு, வருகை, புறப்பாடு. பெயர் என்பது பல்கலைக்கழகத்தின் பெயர். நீளம் என்றால் படிப்பு எத்தனை வருடம். ஆழம் என்றால் உள்ளே நுழைய எவ்வளவு புள்ளி வேண்டும். சரக்கு என்றால் பாடம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறப் பேனை. ஒருமுறை கூரை ஒழுகி நனைந்த அட்டவணையை முற்றத்தில் காயப்போட்டிருக்கிறார்; எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு மாதிரித் திரியும் மான்களில் ஒன்று உள்ளே வந்து இடது பக்கத்தை ஆறுதலாக மென்றுவிட்டுப் போயிருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் ஒருவருக்கும் இங்கிலாந்து சரிவராது என்று சேர் சொல்லி வருகிறார்.

அட்டவணையை விட முக்கியமானது அவருடைய கொள்கை. இறங்குதுறை முழுதாக ஆயத்தமாகாமல் கப்பலை உள்ளே எடுக்கக் கூடாது. அதுவரைக்கும் வெளியே நங்கூரம் போட்டு நிற்கட்டும். துறைமுகத்தில் இந்தக் கொள்கையால் ஒரு கப்பலும் இடிபடவில்லை. அது உண்மை. ஒழுங்கையிலும் இதனால் ஒரு பிள்ளையும் இடிபடவில்லை. ஒரு பிள்ளையும் போய்ச் சேரவும் இல்லை. அவரிடம் யோசனை கேட்க நேரமில்லாமல் அவசரமாக விண்ணப்பம் போட்டுப் போனவர்கள் நாலைந்து பேர் இப்போது பெயருக்கு முன்னால் கலாநிதி என்று போடுகிறார்கள். அவர்களைப் பற்றிக் கேட்டால் "நல்லாத்தான் இரிக்காங்க, ஆனா அவசரப்பட்டுட்டாங்க" என்று சேர் கவலைப்படுவார்.

இனி யசோதராவின் கதைக்கு வருகிறேன். சல்லியில் படகு வைத்து மீன் பிடிக்கும் தம்புவின் மூத்த மகள். மின்பொறியியல் பட்டம் எடுத்து, சூரிய மின்தகடு பூட்டும் நிறுவனமொன்றில் இரண்டு வருடமாக வேலை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். அங்கே மின், கணினி, தொகுதிப் பொறியியல் மூன்றையும் ஒரே துறைக்குள் வைத்திருக்கிறார்கள். அவளுக்கு முதுமாணிக்கு இடமும் கொடுத்து, படிப்புச் செலவைத் தாங்க ஆய்வு உதவியாளர் வேலையும் கொடுத்து, ஒரேயொரு கேள்வி கேட்டிருந்தார்கள்: மூன்றில் எது? வியாழக்கிழமை எங்கள் நேரம் பின்னேரம் நாலு மணிக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் இடம் பட்டியலில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

கேள்வி வந்து இரண்டு கிழமை. அப்படியென்றால் அவள் ஏன் அன்றைக்கே பதில் அனுப்பவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அப்பா "ஓம்" சொல்லாமல் அவள் அனுப்ப மாட்டாள். தம்புவோ எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போன மனிசர். இது தனக்குத் தெரியாத விசயம், தெரிந்த ஒரு ஆள் "ஓம்" சொன்னால்தான் தானும் சொல்லலாம் என்பது அவருடைய நியாயம். அப்படி அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் றஊப் சேர்; தம்பு கூப்பிடுவது அண்ணன் முறையில் றஊப் நானா என்று. நானா வேலையில் இருந்த காலத்தில் இருந்து அவருக்கு மீன் கொண்டுவந்து கொடுத்த பழக்கம். சேரிடம் தொலைபேசியில் கேட்டபோது அவர் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்து, இரண்டு கிழமை தள்ளி ஒரு நாளை ஒதுக்கிக் கொடுத்தார். எந்த நாள்? அதே வியாழக்கிழமை, பின்னேரம் ஒன்றரை மணி.

அன்றைக்கு நான் அங்கே போனது வேறு அலுவலாக. சேர் வீட்டு முருங்கை எங்கள் மதிலில் சாய்ந்து கிடந்தது, அதைச் சொல்லப் போனேன். போனால் தம்புவும் மகளும் வெள்ளைச் சட்டை போட்டுக் கோயிலுக்கு வந்தவர்கள் மாதிரிக் கதிரை நுனியில் இருக்கிறார்கள். மேசையில் ஒரு பை நிறையப் பாரை மீன். சேர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நீங்களும் இரிங்க, நாலு பேர் இரிந்து கதைக்கிற விசயம்" என்று எனக்கும் ஒரு கதிரை காட்டினார். இருந்தேன். எழும்பியிருக்க வேண்டும்.

"நீளம்?" என்று தொடங்கினார் சேர்.

"ரெண்டு வருசம் சேர்," என்றாள் யசோதரா.

"மூண்டுக்கும் ரெண்டா?"

"கணினி எண்டா ஒண்டரை வருசத்தில முடிக்கலாம், அது பாடங்களும் ஒரு செயற்றிட்டமும் மட்டும். மின் எண்டா வலுப்பகுதி, ஆய்வுக் கட்டுரை எழுதோணும். தொகுதி எண்டா விரும்பினா அப்பிடியே கலாநிதிப் படிப்புக்கும் நீட்டலாம்."

"பாத்தீங்களா தம்பு," என்றார் சேர். "ஒரே துறைமுகம், மூண்டு இறங்குதுறை. மூண்டுக்கும் மூண்டு ஆழம். இதைச் சும்மா போற போக்கில முடிவெடுக்க ஏலுமா?"

"ஏலாதுதான் நானா," என்றார் தம்பு, பயபக்தியோடு.

"நான் ஒண்டும் சொல்லல்ல, முடிவு உங்கட," என்றார் சேர். சுவரில் மணி ஒன்று ஐம்பது.

முதலில் மின்பொறியியல் விசாரணைக்கு வந்தது. மின் என்றால் என்ன, கம்பம்தானே, பெண்பிள்ளையைக் கம்பத்தில் ஏற விடலாமா என்று சேர் கேட்டார். "நான் இப்பவும் கூரையில ஏறி நிண்டுதான் வேலை செய்யிறன் சேர். போன கிழமை கப்பல்துறை ஊரில ஒரு வீடு, மூண்டு மாடி," என்றாள் அவள். சேர் தம்புவைப் பார்த்தார். தம்பு நிலத்தைப் பார்த்தார். மூன்று மாடிக் கதை அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது. வலுப்பகுதி என்பது கம்பம் அல்ல, மின்சாரத்தை உண்டாக்கி, தூரத்துக்குக் கடத்தி, கூடாமல் குறையாமல் வீட்டுக்குக் கொண்டுவருவது பற்றிய படிப்பு என்று அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். "அதுதான் இப்பவும் வருகுதே," என்றார் சேர். அந்த நேரம் பார்த்து மின்விசிறி நின்றது. பத்து நிமிடத்துக்குப் பிறகு மின்சாரம் வந்தபோது சேர் கணினிக்கு மாறியிருந்தார்.

கணினிப் பொறியியலைப் பற்றிச் சேருக்கு இரண்டு கருத்து இருந்தது. ஒன்று, அதைவிட நல்ல படிப்பு உலகத்தில் இல்லை. மற்றது, அதைப் படித்து இனிப் பிரயோசனம் இல்லை. இரண்டையும் மாறி மாறி, ஒரே உறுதியோடு சொன்னார். கணினிச் சில்லு என்றால் என்ன, நிரல் என்றால் என்ன என்று யசோதரா சொல்ல வாய் எடுத்த போதெல்லாம், மூதூரில் அவருக்குத் தெரிந்த ஒரு பையன் வீட்டில் இருந்தபடியே அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை செய்கிற கதை வந்தது. பிறகு அதே பையனுக்கு அந்த வேலை போன கதை வந்தது. தம்பு முதலாவது கதைக்குச் சிரித்து, இரண்டாவது கதைக்குச் சீச்சீ என்று சொல்லி, எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தண்ணீர் குடித்தார்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் பொறியியலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வீட்டில் மின்குமிழ் மாற்றுவதற்கே ஆளைக் கூப்பிடுகிற ஆள் நான். ஆனால் அந்தக் கதிரையில் ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள். என் வாய் தானாகத் திறந்தது. "கணினியும் நல்லதுதானே பிள்ளை, கலியாணத்துக்குப் பிறகும் வீட்டில இருந்தே செய்யலாம்" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் குரல்தான். யசோதரா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இன்னும் அந்தப் பிள்ளைய விடல்லையா?" என்று குசினிக்குள் இருந்து சேரின் மனைவி சுஹைரா கேட்டார். மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. மேசையில் இருந்த மீனைக் கொண்டுபோய்க் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டு, சேர் தொகுதிப் பொறியியலுக்கு வந்தார்.

"இதென்ன மகள், தொகுதி எண்டா?"

"ஒரு பெரிய வேலையில நிறைய இயந்திரம், நிறைய ஆக்கள், நிறைய நேர அட்டவணை இருக்கும் சேர். ஒண்டு பிந்தினா எல்லாம் பிந்தும். அதெல்லாத்தையும் ஒண்டாச் சேர்த்து, எது முதல், எது பிறகு, எங்க நெரிசல் வரும் எண்டு கணிச்சு, சரியா ஓட வைக்கிறது. உதாரணத்துக்கு ஒரு துறைமுகம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன்."

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நான் முப்பத்தொரு வருசம் செஞ்ச வேலை," என்றார். "இதுக்கு ஒரு பட்டம் இரிக்கெண்டு அப்ப ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல. சொல்லியிருந்தா நானும் படிச்சிருப்பன். கம்பஸுக்கு எடுபட்டும், அந்தக் கலவரத்துக்குள்ள போக ஏலாம வீட்டில நிப்பாட்டிட்டாங்க."

எத்தனை வருடமாக மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறேன், இந்த ஒரு விசயம் தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று கவலையாக இருந்தது. தம்புவும் "அடடா நானா" என்றார். அந்த மனிசரைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லலாம் போல இருந்தது. அதற்குள் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஆனா இப்ப அதுக்கு ஸ்கோப் இல்ல" என்றார். என் இரக்கம் வந்த வழியே போய்விட்டது.

மூன்று இருபதுக்கு அவர் தீர்ப்புச் சொன்னார். மூன்றுமே நல்ல இறங்குதுறைதான். ஆனால் எதற்கும் இது நேரம் இல்லை. உலகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒரு வருடம் பார்க்க வேண்டும். அதுவரைக்கும் கப்பலை வெளியே நிற்பாட்டுவது.

"நிப்பாட்டுறது எண்டா எப்பிடி நானா?" என்று கேட்டார் தம்பு.

"ஒரு கடிதம் போடுவம். இடம் கிடைச்சதுக்கு நன்றி, தயவுசெய்து அந்த இடத்தை அடுத்த வருசம் வரைக்கும் எங்களுக்காக வெச்சிரிங்க, ஆயத்தமானதும் அறிவிக்கிறம் எண்டு. மகள், போனில அடிங்க, நான் சொல்றன்."

"சேர், அவங்கள் அப்பிடி வைச்சிருக்க மாட்டாங்கள். இன்னொரு ஆள் நிக்குது."

"எழுதிக் கேட்டா ஏன் மாட்டாங்க? நாங்க எத்தனை கப்பலுக்கு எழுதியிரிக்கம். ஒரு கப்பல் எண்டாலும் கோவிச்சுக்கொண்டு திரும்பிப் போச்சா? எழுதுங்க. கனம் ஐயா அவர்களுக்கு, மேற்படி விடயம் சம்பந்தமாக."

யசோதரா அப்பாவைப் பார்த்தாள். தம்பு மேசையைப் பார்த்தார். "நானா அனுபவத்தில சொல்லுறார் பிள்ளை," என்றார் மெதுவாக. "ஒரு வருசம்தானே. என்ன சொல்லுறாய்?" அவள் தொலைபேசியைக் கையில் எடுத்தாள். அழாமல் இருப்பதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பதறியது. இரண்டு வருடம் வெயிலில் கூரை ஏறி இறங்கி, பகல் வேலை முடிந்து வந்து படித்துப் பிடித்த இடம், முப்பத்தைந்து நிமிடத்தில், ஒரு மேற்படி விடயத்தோடு போகப்போகிறது. சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் மரியாதையாக இருந்தோம்.

அப்போதுதான் தேத்தண்ணீர் வந்தது. கொண்டுவந்தவர் சேரின் மகன் நஸ்ரி. முப்பத்துநாலு வயது, முன்தலை கொஞ்சம் வெளித்துவிட்டது. அவரும் மின்பொறியியல் பட்டதாரிதான். நகரத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பிக்கிறார். கடிதத்துக்கு அவசரம் இல்லை என்ற நினைப்பில், தம்பு மரியாதைக்கு ஒரு கதை கேட்டார்.

"தம்பியும் இந்தப் படிப்புத்தானே? முதுமாணி முடிச்சிட்டியளோ?"

நஸ்ரி தட்டத்தை வைத்துவிட்டுத் தகப்பனைப் பார்த்தார். பதில் சேரிடம் இருந்துதான் வந்தது.

"இவருக்கு நாலு இடத்தில கிடைச்சது. நாலும் நல்ல இடம். நாங்க அவசரப்படல்ல. பாத்துக்கொண்டு இரிக்கம்."

"எப்ப கிடைச்சது நானா?"

சேர் அட்டவணைப் பக்கம் திரும்பித் திகதியைத் தேடத் தொடங்கினார். நஸ்ரிக்குத் தேட வேண்டி இருக்கவில்லை.

"எட்டு வருசம் அங்கிள்," என்றார். குரலில் கோபம் இல்லை; நேரம் கேட்டவருக்கு நேரம் சொன்ன மாதிரி இருந்தது. "அடுத்த வருசம் வரைக்கும் வெச்சிரிங்க எண்டு வாப்பா நாலு இடத்துக்கும் கடிதம் போட்டவர். ஒரு இடத்தில இருந்து மட்டும் பதில் வந்தது. வாழ்த்துகள் எண்டு."

தம்பு தேத்தண்ணீரைக் கையில் எடுக்கவில்லை. சுவரில் மணியைப் பார்த்தார், மூன்று முப்பத்திரண்டு. பிறகு மகளின் பக்கம் முழுதாகத் திரும்பி இருந்து, இரண்டு கிழமையாகப் பேருந்திலும் தொலைபேசியிலும் சந்தையிலும் இந்தச் சாப்பாட்டு அறையிலும் ஒருவருக்கும் தோன்றாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"பிள்ளை, உனக்கு எது விருப்பம்?"

இவ்வளவு நேரமும் நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. யசோதரா யோசிக்கவே இல்லை. ஒரு சொல்லில் எது என்று சொன்னாள். ஏன் என்று இரண்டு வசனம் சொன்னாள். அந்த இரண்டு வசனத்தில் சல்லிக் கடற்கரை இருந்தது, அவள் ஏறி இறங்கிய கூரைகள் இருந்தன, பல்கலைக்கழக நாளில் இருந்து அவள் மனதில் வைத்திருந்த ஒரு யோசனை இருந்தது. தம்புவுக்கு முழுதும் விளங்கியதா என்று தெரியாது. ஆனால் முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப அதை அனுப்பு," என்றார். "நானா, குறை நினையாதேங்கோ. நீங்கள் பெரிய பெரிய கப்பலுகளைப் பாத்தனீங்கள். இது என்ர பிள்ளை."

தொலைபேசியில் சிக்னல் இல்லை. எங்கள் ஒழுங்கையில் பின்னேரம் எப்போதும் அப்படித்தான். யசோதரா யன்னல் பக்கம் ஓடினாள், வாசல் பக்கம் ஓடினாள், முற்றத்தில் தொலைபேசியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று நாற்பத்தொன்று. நஸ்ரி உள்ளே போய் வீட்டு வைஃபையின் கடவுச்சொல் எழுதிய துண்டைக் கொண்டுவந்து கொடுத்து, "தங்கச்சி, இதில அனுப்புங்க, கெதியா" என்றார். அவள் இரண்டு தரம் பிழையாக அடித்தாள். மூன்றாம் தரம் போனது. மூன்று நாற்பத்தாறுக்கு அங்கே இருந்து, கிடைத்தது, வரவேற்கிறோம் என்று பதில் வந்தது. தம்பு அந்தப் பதிலை வாசிக்கச் சொல்லி, தமிழில் சொல்லச் சொல்லி, இன்னொரு தரமும் சொல்லச் சொல்லிக் கேட்டார். சுஹைரா குசினிக்குள் இருந்து சீனி கொண்டுவந்து எல்லாருடைய வாயிலும் போட்டார். நானும் சந்தோசத்தில் முருங்கையை மறந்துவிட்டேன்.

றஊப் சேர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? கோபித்தாரா? இல்லை. எழும்பி, சுவரில் இருந்த அட்டவணையைக் கழற்றி, மேசையில் கவிழ்த்துப் போட்டு, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் அளவுகோலை வைத்து ஒரு கோடு கீறினார்.

"அனுப்பிட்டீங்க, சரி," என்றார். "ரெண்டு வருசத்தால முடியும். இனிக் கலாநிதிக்கு எங்க போடுறது எண்டு பாப்பமா? இரிங்க தம்பு. நான் ஒண்டும் சொல்லல்ல, முடிவு உங்கட."

தம்புவும் மகளும் எழும்பி ஓடிய வேகத்தை நான் பாராட்டுகிறேன். படலை வரைக்கும் கூடப் போன நஸ்ரி, விண்ணப்பம் அடுத்த முறை எப்போது திறக்கும் என்று யசோதராவிடம் தணிந்த குரலில் கேட்டுக்கொண்டு நின்றார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. "முப்பத்துநாலு வயசில என்ன குறை நஸ்ரி, ஆனா மின் எடுக்காதீங்க" என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு மாதத்துக்கு முன்பு யசோதரா விமானம் ஏறினாள். அங்கே குளிர்தானாம், ஆனால் நன்றாகப் போகிறதாம்.

ஒரு விசயம் கவனித்தீர்களா? அவள் மூன்றில் எதைத் தெரிவு செய்தாள் என்று நான் இன்னும் சொல்லவில்லை. கவனித்திருப்பீர்கள். அவள் வாய் திறந்த அந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் முன்னுக்குச் சரிந்து வாசித்ததை நான் கண்டேன். மின்னா, கணினியா, தொகுதியா? தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள்? அனுப்பியாயிற்று, போயாயிற்று, பாடங்களும் தொடங்கிவிட்டன. உங்களுக்கு அவளைத் தெரியாது, அவளுக்கு உங்களைத் தெரியாது. ஆனாலும் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் "நல்ல முடிவு" என்று தலையாட்டலாம், அல்லது "ஐயோ, மற்றதை எடுத்திருக்கலாமே" என்று உச்சுக்கொட்டலாம். இன்னும் சொல்லப்போனால், அவள் மூன்றையும் விளங்கப்படுத்திக்கொண்டிருந்த போதே நீங்கள் அவளுக்காக ஒன்றை மனதில் எடுத்து வைத்துவிட்டீர்கள். அதற்கு ஒரு காரணமும் வைத்திருக்கிறீர்கள். நல்ல காரணம்தான். அதை அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன என்று இப்போது ஒரு எண்ணம் வருகிறது அல்லவா? அவளுடைய புது இலக்கம் என்னிடம் இருக்கிறது. தரமாட்டேன்.